சின்னப் படகுக்கு எந்த விளக்கு: டார்ச், கிளிப் விளக்கு, கம்ப விளக்கு, முழு செட்

"அண்ணே, 16 அடி போட், 30 குதிரைத்திறன் இஞ்சின், ராத்திரி கிரியான் ஆற்றில் இறால் பிடிக்கப் போகிறோம், எந்த லைட் வாங்கலாம்?" இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. பினாங்கு மாநிலத்து நிபோங் தெபாலிலிருந்து, பத்து காவானிலிருந்து, வார இறுதியில் தெமெங்கோர் ஏரிக்குக் கிளம்பும் கோலாலம்பூர் நண்பர்களிடமிருந்து. கேட்கிறவர்கள் பெரும்பாலும் கடையில் பார்த்த நாலு பொருளில் எது பளிச்சென்று எரிகிறது என்றுதான் கேட்கிறார்கள். அதை வைத்து வாங்கினால் தேவையில்லாத பொருள்தான் வீட்டுக்கு வரும், ஏனென்றால் நேவிகேஷன் லைட் நாம் பார்ப்பதற்காக இல்லை. இருட்டில் எதிரே வருகிற ஒருவர், நம்மை முன்பின் தெரியாதவர், "இவர் எந்தப் பக்கம் போகிறார், நான் ஒதுங்கணுமா, அவர் ஒதுங்குவாரா" என்று சில நொடிகளில் முடிவு செய்வதற்காக இருக்கிறது. ஆகவே எந்தத் தேர்வையும் அந்த எதிர்ப்படகுக்காரர் கண்ணிலிருந்துதான் எடைபோட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் நீளமும் வேகமும். அடிப்படை 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், 1977 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருப்பவை, மலேசியாவும் ஏற்றுக்கொண்டவை. "அது கடலுக்குத்தானே, ஆற்றுக்கு எதற்கு" என்று கேட்பவர்கள் நிறைய. முதல் விதியிலேயே பதில் இருக்கிறது: கடலுக்கும், கடலோடு இணைந்து கடற்கலங்கள் வந்துபோகக்கூடிய எல்லா நீர்ப்பகுதிக்கும் இவை பொருந்தும். மீன்பிடிப் படகுகள் கடலிலிருந்து உள்ளே வரும் கிரியான் ஆறு, பிறை ஆறு, மூடா ஆற்று முகத்துவாரம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆறு, ஏரி, துறைமுகத்துக்கு அந்தந்த அதிகாரத் தரப்பு தனி விதி போடலாம், ஆனால் அதுவும் முடிந்தவரை சர்வதேச விதியோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. தெமெங்கோர், கென்யிர் மாதிரி அணை ஏரிக்குப் போகிறவர்கள் அங்கே நிர்வாகம் கூடுதலாக என்ன கேட்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விளக்கு அமைப்பு மட்டும் எங்கே போனாலும் இதையே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரிகிற ஒரே மொழி அதுதான்.

இயந்திரப் படகுக்கு விதிகள் போடும் கோடுகள் மீட்டரில் இருக்கின்றன, நம் ஆட்களோ அடியில் பேசுகிறோம். 7 மீட்டர் என்றால் ஏறக்குறைய 23 அடி, 12 மீட்டர் என்றால் 39 அடி. 12 மீட்டருக்குக் குறைவான படகு, சிவப்பு பச்சைப் பக்க விளக்கோடு எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வைத்தால் போதும். 7 மீட்டருக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் 7 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்) மேல் போகாததாகவும் இருந்தால் வெள்ளை விளக்கு மட்டும் போதும், முடிந்தால் பக்க விளக்கும் வைக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். 7 நாட் என்பது இன்று மெதுவாகப் போகிறேன் என்பதல்ல, அந்தப் படகால் போகமுடிந்த அதிகபட்ச வேகம். மணிக்கு 13 கிலோமீட்டர்தான். 14 அடி ஃபைபர் படகில் 15 குதிரைத்திறன் இஞ்சினை மாட்டியவர் அந்தச் சலுகையை எப்போதோ தாண்டிவிட்டார்.

இரண்டாவது, விளக்கின் கோணமும் தூரமும். பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் நேர் முன்னிலிருந்து 112.5 டிகிரி, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. பின்விளக்கு வெள்ளை, 135 டிகிரி. முன்னோக்கி எரியும் மேல் விளக்கு வெள்ளை, 225 டிகிரி. கூட்டிப் பாருங்கள், பின்விளக்கும் மேல் விளக்கும் சேர்ந்தால் 360. 12 மீட்டருக்குள்ளான படகின் பக்க விளக்கு 1 கடல் மைல் தூரத்துக்குத் தெரிந்தால் போதும், வெள்ளை விளக்குகள் 2 கடல் மைல். 1 மைலுக்குத் தேவையான ஒளி 0.9 கேண்டலாதான், அதாவது கிட்டத்தட்ட ஒரு மெழுகுவர்த்தி அளவு. 2 மைலுக்கு 4.3 கேண்டலா. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் விதி கேட்பது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தை இல்லை, சரியான நிறத்தை, சரியான திசையில்.

மூன்றாவது, எங்கே ஓட்டுகிறீர்கள். ஆற்று வளைவில் முன்னால் 200 மீட்டர்தான் தெரியும். இரண்டு படகும் 20 நாட்டில் எதிரெதிரே வந்தால் அது 10 நொடி. பினாங்குத் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவிலுள்ள பினாங்குக் கால்வாயில் வேறு பிரச்சினை, தூரம் இருக்கிறது, ஆனால் பின்னணி வெளிச்சம் கொட்டுகிறது. ஜார்ஜ்டவுன் பக்கம் உயர்மாடிகள், கடலோர நெடுஞ்சாலையில் கார்களின் பின்விளக்குச் சிவப்பு, சிக்னல் பச்சை, பாலத்து விளக்கு வரிசை, அதோடு கால்வாய் மிதவைகளின் சிவப்பும் பச்சையும். தாழ்வாகவும் மங்கலாகவும் ஒரு பக்க விளக்கு இருந்தால் அந்தக் குவியலில் கரைந்துபோகும். ஃபெர்ரியும் சரக்குக் கப்பலும் போகிற நீர் அது, ஒடுக்கமான கால்வாயில் நம் படகு அவர்களுக்குக் குறுக்கே நிற்கவே கூடாது.

மற்றவை சின்னவை: படகில் பேட்டரி இருக்கிறதா, உப்புத்தண்ணீரா நல்லதண்ணீரா, கூரை இருக்கிறதா, படகு சொந்தமா வாடகையா. இவற்றை வைத்து நாலு தேர்வுகளையும் பார்க்கலாம்.

## தேர்வு 1: கையில் டார்ச் மட்டும்

துடுப்புப் போடும் படகுக்கு இது சட்டப்படியே சரி. துடுப்புப் படகு பாய்மரப் படகின் விளக்குகளை வைக்கலாம், இல்லையென்றால் வெள்ளை ஒளி தரும் டார்ச்சையோ விளக்கையோ கையருகே தயாராக வைத்து, மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரத்துக்கு முன்பே காட்ட வேண்டும். கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கத் துடுப்புச் சம்பான்களில் கூட்டிப்போவார்களே, அங்கே இதுதான் பொருத்தம். பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மினுங்கும் அந்தப் பூச்சிகளுக்குச் செயற்கை வெளிச்சம் ஆகாது, டார்ச்சை அணைத்து வைத்துத் தேவைப்படும்போது மட்டும் காட்டலாம்.

கயாக் தூண்டில்காரர்களுக்கும் இது ஒத்துவரும், ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கயாக்கில் சின்ன மின் மோட்டார் மாட்டிவிட்டால், அதை ஓடவிட்ட நொடியிலிருந்து அது இயந்திரப் படகு. டார்ச் போதாது, வெள்ளை விளக்கு நிரந்தரமாக எரிய வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை, கவனத்தில். டார்ச்சைக் காட்டுவது நம் பொறுப்பு என்றால், வருகிற படகை முதலில் நாம் பார்த்திருக்க வேண்டும். தூண்டிலில் மீன் இழுக்கும்போது பின்னால் யார் வருகிறார் என்று யார் பார்க்கிறார்கள்? அப்புறம் நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப். அது நாம் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும், எதிரே இருப்பவருக்கு அது மினுக்கி மினுக்கி எரியும் ஏதோ ஒன்றாகத்தான் தெரியும். பினாங்குக் கால்வாயில் கயாக் எடுத்துப் போகிறவர்கள் டார்ச்சை மட்டும் நம்பாமல் ஒரு கம்பத்தில் வெள்ளை விளக்கும் வையுங்கள். விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் அங்கே ஓடுகிற வேகப் படகுகள் கட்டாயப்படுத்துகின்றன.

## தேர்வு 2: பேட்டரி கிளிப் விளக்கு

பேனா பேட்டரியில் எரியும், படகின் ஓரத்தில் கிளிப் போட்டோ உறிஞ்சு கப்பாலோ ஒட்டலாம், சிவப்பு பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று. ஆன்லைனில் அதிகம் விற்பது இதுதான் என்று நினைக்கிறேன், கேட்பவர்களில் பாதிப் பேர் இதன் படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

நல்ல இடங்கள் உண்டு. தெமெங்கோரில் படகு வீட்டில் தங்கி, அங்கே தரும் சின்னப் படகை ஒரு மாலை வாங்கிப் போகிறவருக்கு இது போதுமானது, ஏனென்றால் அடுத்தவர் படகில் ஓட்டை போட முடியாது. கை இழுவை இஞ்சின், பேட்டரியே இல்லாத படகு, இரவில் எப்போதாவதுதான் வெளியே போவது என்றால் அதற்கும் சரி. மின்கம்பி இழுத்து நிரந்தர விளக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதை உபரியாகப் பையில் போட்டு வைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆனால் இதை நிரந்தர விளக்காக வைத்துக்கொள்ளும்போது பல குறைகள் சேர்கின்றன. கிளிப் கொஞ்சம் திரும்பினால் கோணம் திரும்புகிறது. சிவப்பு பச்சையின் நடுக்கோடு படகின் நேர் முன்னே இல்லாமல் 20 டிகிரி இடப்பக்கம் சாய்ந்தால், நேராக உங்களை நோக்கி வருகிறவருக்குப் பச்சை மட்டும் தெரியும், நீங்கள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று முடிவெடுப்பார். விளக்கே இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் அவர் ஒரு பொய்யை நம்பி நடக்கிறார். உறிஞ்சு கப் ஈரத்திலும் குலுக்கலிலும் கழன்று தண்ணீரில் விழும். பேட்டரி தேயத் தேய விளக்கு மங்கிக்கொண்டே போகும், உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது. உப்புக் காற்றில் பேட்டரிப் பெட்டிக்குள் பச்சை பூத்துவிடும்.

வாங்கும்போது பெட்டியில் தூரத்தைப் பாருங்கள். 1 கடல் மைல், 2 கடல் மைல் என்றும், எந்த நாட்டு அங்கீகாரம் என்றும் அச்சடித்திருந்தால் அது சோதித்த பொருள். "சூப்பர் பிரைட்" என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

## தேர்வு 3: முன்னால் சிவப்பு பச்சை, பின்னால் கம்பத்தில் வெள்ளை

என் பரிந்துரையை மறைக்கவில்லை. 14 அடியிலிருந்து 30 அடிவரை, இஞ்சின் வைத்து, ஆற்றிலும் கால்வாயிலும் அடிக்கடி இரவில் போகிறவர்களுக்கு இதுதான். முன் முனையில் இரண்டு நிறமும் ஒரே கூட்டில் இருக்கும் விளக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இப்படி ஒன்றாக வைக்க விதி இடம்தருகிறது. பின்னால் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை. 12 வோல்ட் கம்பியில் நிரந்தரமாகப் பொருத்தியது, கோணம் ஒருமுறை சரியாக வைத்தால் அப்படியே நிற்கும்.

எதிரே வருகிறவருக்கு இது தெளிவாகப் பேசுகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர், இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் வலப்பக்கத்தில் ஒருவரின் சிவப்புத் தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள். இடப்பக்கத்தில் பச்சைத் தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் அவர். வெறும் வெள்ளை என்றால்தான் தலைவலி: அது நங்கூரம் போட்ட படகாக இருக்கலாம், உங்களுக்கு முதுகு காட்டிப் போகிறவராக இருக்கலாம், மெதுவான சின்னப் படகாக இருக்கலாம். ஆகவேதான் சலுகை இருந்தாலும் ஒற்றை வெள்ளையோடு நிற்காதீர்கள் என்கிறேன்.

இதில் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம் கம்பத்தின் உயரம். பக்க விளக்குகளோடு சேர்த்து வைக்கும் வெள்ளை விளக்கு, பக்க விளக்கைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கடைகளில் 24 இஞ்சுக் கம்பம் மலிவாகக் கிடைக்கும். பொருத்தினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குக் கீழே நிற்கும், எழுந்து நின்று தூண்டில் வீசினால் உங்கள் உடம்பே முன்பக்கத்துக்கு விளக்கை மறைத்துவிடும். 48 இஞ்சாவது வாங்குங்கள். கழற்றி மாட்டும் வகை நல்லது, பகலில் வலை சிக்காது, பாலத்தின் கீழும் மரக்கிளையின் கீழும் போகும்போது எடுத்துவிடலாம். கூரை போட்ட படகு என்றால் கூரையின் மேலேயே வையுங்கள், ஒளி கூரையில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசாமல் இருக்க விளக்கின் அடியில் கறுப்புத் தகடு ஒன்று போதும். நடுக்கோட்டில் வைக்க வழியில்லையா, 12 மீட்டருக்குள்ளான படகில் வெள்ளையை ஓரமாக நகர்த்தலாம், பக்க விளக்குகள் ஒரே கூட்டில் இருந்தால்.

முன் விளக்குக்கும் ஒரு கண்ணி உண்டு. வேகம் எடுத்ததும் படகின் மூக்கு மேலே தூக்கும். தட்டையாக டெக்கில் பதித்த விளக்கு அப்போது வானத்தைப் பார்க்கும். கொஞ்சம் உயர்த்தி, ஒளி முன்னோக்கிக் கிடைமட்டமாகப் போகும்படி வைத்தால் பிரச்சினை இல்லை. நங்கூரக் கயிறு, கூலர் பெட்டி எதுவும் அதன் முன்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் மூன்று நிலை உள்ளதாக வாங்குங்கள்: அணைப்பு, நங்கூரம், ஓட்டம். ஓட்டத்தில் எல்லாம் எரியும், நங்கூரத்தில் வெள்ளை மட்டும். இறால் பிடிக்க ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டுவிட்டு சிவப்பு பச்சையை எரியவிட்டால், நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்கிறீர்கள். வருகிறவர் நீங்கள் நகர்வீர்கள் என்று எதிர்பார்ப்பார். 7 மீட்டருக்குள்ளான படகு, மற்றவர்கள் போகாத இடத்தில் நங்கூரம் போட்டால் விளக்குக் கட்டாயமில்லைதான், ஆனால் படகுகள் போய்வரும் ஆற்றுக்கு அந்த விலக்கு கிடையாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? விளக்கில் இல்லை, கம்பியில். முகத்துவாரத்து உப்பில் சாதாரணச் செம்புக்கம்பி உள்ளேயே கறுத்துப்போகும், வெள்ளீயம் பூசிய கம்பி கேளுங்கள். இணைப்புகளுக்குச் சூட்டில் சுருங்கும் உறை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், கொஞ்சம் தடித்த கம்பி. பழைய பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறையும். முன் முனைவரை நீளும் மெல்லிய கம்பியில் இது எளிதாக நடக்கும்.

எல்இடியா பல்பா என்று இன்னும் கேட்கிறவர்களுக்குக் கணக்கு இதோ. 10 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் 1.67 ஆம்பியர். 7 ஆம்பியர் மணி கொண்ட சின்ன பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரம்தான். எல்இடி விளக்கு ஒன்று 2 வாட் என்று வைத்தால் அதே பேட்டரியில் 10 மணி நேரம், கை இழுவை இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் முழு இரவு போய்வரலாம். ஆனால் பழைய கூட்டில் வெள்ளை எல்இடி பல்பை மட்டும் மாற்றிப் போடாதீர்கள், பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் அது நீலம் கலந்து தெரியும், சிவப்புக்குப் பின்னால் வெளிறிப்போகும். எல்இடிக்கென்றே செய்த முழு விளக்கை வாங்குங்கள். படகில் விஎச்எஃப் ரேடியோ (படகுகள் தமக்குள் பேசும் ரேடியோ) இருந்தால் இன்னொன்று: தரமில்லாத எல்இடி ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும், 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. அமைதியான சேனலில் ரேடியோவை வைத்து, இரைச்சல் நிற்கும்வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருகி, விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## தேர்வு 4: முழு செட்

தனித்தனிப் பக்க விளக்குகள், முன்னோக்கிய 225 டிகிரி வெள்ளை, 135 டிகிரி பின்விளக்கு, அப்புறம் நங்கூரத்துக்கு எல்லாத் திசை வெள்ளை. 12 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள இயந்திரப் படகுக்கு எல்லாத் திசை வெள்ளைச் சலுகை கிடையாது, முன் வெள்ளையும் பின் வெள்ளையும் தனித்தனியாக வேண்டும். 12 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள் என்றால் முன் வெள்ளை 3 கடல் மைல் தெரிய வேண்டும், படகின் ஓரச் சுவர் விளிம்பிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், பக்க விளக்கு 2 கடல் மைல். அமான் தீவுக்கோ ஜெரெஜாக் பக்கமோ பயணிகளை ஏற்றிப்போகும் பெரிய கூரைப் படகுக்கு இதையே யோசியுங்கள்.

சின்னப் படகுக்கு இதில் ஒரே நன்மை, பின்னால் நின்று ஓட்டுகிறவரின் கண்ணில் வெள்ளை ஒளி அடிக்காது. இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும், அதை ஒரு நொடியில் கெடுக்கும் கூச்சம் இல்லாமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் விளக்குகளும் இணைப்புகளும் கூடக் கூட உப்பு அரிக்கும் இடங்களும் கூடும். 16 அடிப் படகுக்கு இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | யாருக்கு ஏற்றது | பலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| டார்ச் | துடுப்புச் சம்பான், மோட்டார் இல்லாத கயாக் | ஒன்றும் பொருத்த வேண்டாம் | முழுநேரக் கவனம் |
| பேட்டரி கிளிப் | வாடகைப் படகு, எப்போதாவது போகிறவர், உபரி | எடுத்துப் போகலாம் | கோணம் திரும்பும், மங்கும், விழும் |
| கம்ப விளக்கும் முன் விளக்கும் | 30 அடிவரை, அடிக்கடி இரவில் ஓடும் இஞ்சின் படகு | தெளிவு, நிலையான கோணம் | நல்ல கம்பி, உயரமான கம்பம், பொருத்தும் வேலை |
| முழு செட் | 12 மீட்டரும் அதற்கு மேலும், பயணிகள் படகு | கண் கூசாது, தூரம் அதிகம் | நிறைய இணைப்புகள், பராமரிப்பு |

## இவை எதற்கும் மாற்று அல்ல

ஸ்பாட்லைட் இருக்கிறதே என்பார்கள். மூழ்கிய மரங்கள் நிற்கும் தெமெங்கோரில் அது இல்லாமல் ஓட்டமுடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தண்ணீரில் காட்டுங்கள், எதிர்ப்படகின் முகத்தில் காட்டாதீர்கள். அதில் கண் கூசியவருக்கு உங்கள் சிவப்பும் தெரியாது பச்சையும் தெரியாது. கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்க இஞ்சின் படகில் போகிறவர்களுக்கும் இதே பேச்சு: பக்க விளக்கு எரியட்டும், விதி கேட்கும் அந்தச் சிறு ஒளியை அணைக்காதீர்கள், அணைக்க வேண்டியது ஃப்ளட்லைட்டை.

படகைச் சுற்றி ஒட்டும் கலர் எல்இடி ஸ்ட்ரிப் வேண்டாம். முன் பக்கம் சிவப்பும் பச்சையுமாக ஒட்டினால் பக்க விளக்கு ஆகிவிடாது, அதற்குக் கோண வெட்டு இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் தெரியும். நேவிகேஷன் லைட்டோடு குழப்பக்கூடிய வேறு எந்த விளக்கும் இருக்கக்கூடாது என்பது விதி. பளிச் பளிச்சென்று அடிக்கும் ஸ்ட்ரோபும் வேண்டாம். நீலச் சுழல் விளக்கு அமலாக்கப் படகுகளுக்கானது.

சிவப்புக்குக் கீழே வெள்ளை என்று எல்லாத் திசைக்கும் இரண்டு விளக்கு வைத்தால் வலை போட்டு மீன்பிடிக்கும் படகு என்று அர்த்தம், இழுவை வலை என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. தூண்டில் போடுகிறவர்கள் இதைப் பார்த்து நாமும் மீன் பிடிக்கிறோமே என்று மாட்டக்கூடாது, அந்த விளக்குகள் வலையால் திரும்ப முடியாமல் இருப்பவருக்கு. மாறாக, அதை வேறொரு படகில் பார்த்தால் தள்ளிப் போங்கள். 150 மீட்டருக்கு மேல் வலை நீண்டிருந்தால், வலை இருக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை காட்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று வெள்ளை, பின்னால் மஞ்சள் தெரிந்தால் அது எதையோ இழுத்துவரும் டக் படகு. அதற்கும் பின்னால் வரும் பார்ஜுக்கும் (தட்டையான சரக்குக் கலம்) நடுவே புகுந்தால் இருட்டில் தெரியாத கயிறு இருக்கிறது.

## வாங்கிப் பொருத்திய பிறகு

விளக்குப் போட வேண்டிய நேரம் சூரியன் மறைவதிலிருந்து உதிப்பதுவரை. பினாங்கில் அது ஆண்டின் பருவத்தைப் பொறுத்து மாலை 7 மணியிலிருந்து 7:40 வரை நகரும். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், அந்திதான் மோசமான நேரம், வானம் வெளுத்திருக்கும், தண்ணீர் கறுத்திருக்கும். புகைமூட்டம் வந்து கரை தெரியாத நாட்களில் பகலிலும் எரியவிட வேண்டும், விதி அதையும் சொல்கிறது.

முதல் பயணத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டிய பிறகு, படகு டிரெய்லரில் நிற்கட்டும். ஒருவரை சுற்றி நடக்கச் சொல்லுங்கள், திறந்த திடலில் முடிந்தவரை தூரமாக. நேர் முன்னால் நின்றால் இரண்டு நிறமும் தெரிய வேண்டும். சில அடிகள் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் ஒன்று மறைந்து ஒன்றுதான் தெரிய வேண்டும். படகின் நடுப்பகுதியைத் தாண்டிப் பின்னால் போகப் போக நிறம் அணைந்து வெள்ளை மட்டும் நிற்க வேண்டும். பிறகு நீங்கள் தூண்டில் வீசுகிற மாதிரி நடுவில் எழுந்து நில்லுங்கள், அவர் இன்னொரு முறை சுற்றட்டும், வெள்ளை எங்கேயாவது மறைந்தால் கம்பத்தை இன்னும் உயர்த்துங்கள்.